அத்தியாயம் 7: தாடிக் கோடாலி

காயலாங்கடையில் கோடாலித் தலை தனியாகக் கண்ணில் படாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தக் கடையில் தேடினாலும், அறுந்த சங்கிலிக் கண்ணி, லாரி ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த பேரிங் எல்லாவற்றுக்கும் அடியில் துருவோடு துருவாகக் கிடக்கும். கடைக்காரருக்கு அது கோடாலி அல்ல, எடை. தராசில் போட்டு இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவார். காஸ் அடுப்பு வந்த பிறகு வீடுகளில் விறகு பிளப்பது நின்றது. காம்பு உளுத்துப்போய், தலை மட்டும் கடைக்கு வந்து சேர்ந்தது.

அப்படி ஒரு தலையை வைக்கிங் காலத்துத் தாடிக் கோடாலியாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயம். நாலு இஞ்ச் கிரைண்டர், டிரில், வைஸ், இரண்டு அரம், ஒரு வாளித் தண்ணீர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். மொத்த வேலையையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பழைய வாயைத் தொடாதீர்கள், வாய்க்கும் காம்புத் துளைக்கும் நடுவே கீழ்ப்பக்கம் இருக்கும் சதையை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் இந்த வரியை எப்படிக் கெடுக்காமல் இருப்பது என்பதுதான்.

எந்த உருவம்?

சினிமாவில் வரும் வைக்கிங் கோடாலி இரண்டு பக்கமும் வாய் வைத்து, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் போல இருக்கும். மண்ணிலிருந்து கிடைத்த அசல்கள் அப்படி இல்லை. ஒரே வாய், மெல்லிய அலகு, பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. நார்வே ஆய்வாளர் யான் பெட்டர்சன் 1919-ல் வெளியிட்ட நூலில் இவற்றை வகை பிரித்து எழுத்து கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். நாம் செய்யப்போவது வாயின் கீழ்முனை தாடி போலத் தொங்கும் வகை. பழைய நார்ஸ் மொழியில் அதற்குப் பெயரே தாடிக் கோடாலிதான்: ‘ஸ்கெக்’ என்றால் தாடி.

அந்தத் தாடி அழகுக்காக வந்ததில்லை. அதன் மேலே இருக்கும் வளைவுக்குள் விரல்களை நுழைத்து, வாய்க்கு நேர் பின்னால் காம்பைப் பிடிக்கலாம். அப்போது கோடாலி வெட்டும் கருவியாக இல்லாமல் செதுக்கும் கருவியாகிவிடும். வைக்கிங்குகள் கப்பல் கட்டியது இப்படித்தான். மரத்தை ஆப்பு வைத்துப் பலகையாகப் பிளந்து, கோடாலியால் செதுக்கி மட்டம் செய்தார்கள். ரம்பத்துக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. டென்மார்க்கில் ரோஸ்கில்டே அருகே ஸ்குல்டெலெவ் என்ற இடத்தில் 1962-ல் தோண்டி எடுத்த கப்பல்களின் பலகைகளில் அந்தக் கருவிகளின் தடங்களைப் படிக்க முடிந்தது. ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் 1936-ல் ஒரு விவசாயியின் நிலத்தில் கிடைத்த மேஸ்டர்மீர் பெட்டி ஒரு கைவினைஞரின் கருவிப் பெட்டி. அதில் கோடாலிகளும் வாச்சிகளும் அரங்களும் ஒன்றாகவே இருந்தன.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுமரத்தின் மரத்துண்டுகளைக் கோடாலியாலும் வாச்சியாலும் செதுக்கித்தான் முனையை மேலே வளைத்தார்கள். இன்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகப் பக்கம் போனால், கரையேற்றிய மரப் படகுகளில் ஆசாரிகள் பலகை மாற்றுவதைப் பார்க்கலாம். கருவி எப்படிப் பிடிபடுகிறது, கை எங்கே நிற்கிறது என்று அரை மணி நேரம் நின்று கவனித்துவிட்டு வாருங்கள். படம் வரைய அது உதவும்.

தலையைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்றரைக் கிலோ சுற்று எடையும், 10 முதல் 12 செ.மீ. வாயும் உள்ள தலை நல்லது. நாம் எடுக்கப்போகிறோமே தவிர எதையும் ஒட்டப்போவதில்லை. ஆகவே பழைய வாயின் அகலம்தான் புதிய வாயின் அகலம். அகலம் குறைந்த தலையை வாங்கிவிட்டு நீளமான தாடியை எதிர்பார்க்கக் கூடாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று.

1. துளை வழியாக ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, போல்ட்டால் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் வாங்கலாம். ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.
2. துளைச் சுவரைப் பாருங்கள். யாராவது வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால் அந்தத் தலை வேண்டாம்.
3. பின்முதுகு காளான் போல விரிந்திருந்தால், ஆப்பாக வைத்து அதன் தலையில் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துளை கோணியிருக்கும். தவிர்த்துவிடுங்கள்.

துருவை எடுத்தல்

எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. நம் பக்கத்துத் துரு மேலாகப் படிவதோடு நிற்காது, குழி பறிக்கும். முதலில் கம்பி பிரஷ்ஷால் செதிலைத் தட்டிவிட்டு, தலை மூழ்கும் அளவு வினிகரில் ஒரு நாள் போட்டு வையுங்கள். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்தும் செய்யலாம். குத்துவிளக்கைத் தேய்க்கும் அதே புளிதான், நேரம் மட்டும் கூடுதலாகும். எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் போடாதீர்கள். அதன் புகை நெஞ்சை அறுக்கும். கடினமாக இருக்கும் வாயையும் அது நொறுங்கும்படி செய்துவிடும்.

சுத்தமானதும் விரிசலை இன்னொரு முறை பாருங்கள். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

எஃகு எங்கே முடிகிறது?

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். பல பழைய கோடாலிகள் முழுக்க ஒரே இரும்பு அல்ல. கொல்லர் பச்சிரும்பில் உடலை அடித்து, வாயில் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்திருப்பார். வைக்கிங் கொல்லர்களும் இதையேதான் செய்தார்கள்: இரும்புப் பட்டையை மடித்துத் துளை உண்டாக்கி, முனையில் எஃகைச் செருகிச் சேர்த்தார்கள். எஃகு விலை உயர்ந்தது, இரும்பு மலிவு. வடகடலோ வங்கக்கடலோ, கணக்கு ஒன்றுதான். தொழிற்சாலைக் கோடாலி முழுக்க எஃகாக இருந்தாலும், கடினப்படுத்தியது வாயை ஒட்டிய சில செ.மீ. மட்டும்தான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு நல்ல அரத்தை எடுத்து, பின்முதுகிலிருந்து தொடங்கி வாயை நோக்கி அங்கங்கே தேய்த்துப் பாருங்கள். மென்மையான இடத்தில் அரம் கடிக்கும். கடினமான இடம் வந்ததும் சரியாகக் கடிக்காமல் வழுக்கப் பார்க்கும். வழுக்கத் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமா? ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, அரை மணி நேரம் வினிகரில் வையுங்கள். எஃகு கறுத்தும் பச்சிரும்பு வெளுத்தும், நடுவில் எல்லைக்கோடு தானாகத் தெரியும்.

அந்தக் கோட்டுக்கும் வாய்க்கும் இடையே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கோடாலி. மீதியெல்லாம் அதைத் தாங்கும் எடை. வாயையே வெட்டிப் புது வளைவு கொடுத்தால், பார்க்க வைக்கிங் கோடாலி, அடித்தால் தகரம்.

வரைதல்

தடித்த அட்டையில் தலையின் பக்கத் தோற்றத்தை அப்படியே நகல் எடுங்கள். அதன்மேல் மூன்று கோடுகள் போதும்.

- மேல்கோடு: துளையின் மேல்விளிம்பிலிருந்து வாயின் மேல்முனை வரை. அசல் தாடிக் கோடாலிகள் பலவற்றில் இது ஏறக்குறைய நேராகவே போகும். உங்கள் தலையில் மேடு இருந்தால் மட்டும் லேசாக இழையுங்கள்.
- கீழ்க்கோடு: துளைக்கு முன்னால் தொடங்கி, கழுத்தின் (துளைக்கும் அலகுக்கும் நடுவே உள்ள பகுதி) அடியில் போய், பிறகு கீழே வளைந்து தாடியின் முனையில் முடியும். உருவமே இந்தக் கோட்டில்தான்.
- வாய்: இருப்பது இருந்தபடியே. இரு முனையையும் அரத்தால் கொஞ்சம் உருட்டினால் போதும்.

விட்டுவைக்க வேண்டிய அளவுகளை அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். துளைச் சுவரில் 10 மி.மீ.க்குள் வெட்டு வரக் கூடாது. கழுத்தின் உயரம் 4 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கீழ்க்கோட்டில் எங்குமே கூர்மையான உள்மூலை இருக்கக் கூடாது. விரிசல் எப்போதும் மூலையில்தான் பிறக்கும். நான்கு விரல் உள்ளே நுழைகிறதா என்று அட்டையை வெட்டிப் பிடித்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அது தாடி அல்ல, அலங்காரம்.

இப்படி எடுத்து எடுத்தே உருவம் கொண்டுவருவது நம் ஆற்றங்கரைக்குப் புதிய வேலை இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் மேல்கரையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்து, அதே ஆண்டு அத்திரம்பாக்கத்துக்கும் போனார். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. கல்லில் எதையும் ஒட்ட முடியாது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்து, தட்டித் தட்டி எடுக்கத்தான் முடியும். கிரைண்டரோடு நிற்கும் நமக்கும் அதே நிபந்தனைதான்.

வெட்டுதல்

முதலில் உங்களைப் பாருங்கள். கைலி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்காதீர்கள். சுற்றும் டிஸ்க் துணியை இழுத்தால் கையோடு தொடையும் போகும். பருத்தி பேன்ட், மூடிய செருப்பு, கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம், மூக்குக்கு மாஸ்க். கிரைண்டரின் காப்புத் தகடைக் கழற்ற வேண்டாம். டிஸ்க்கில் அச்சிட்ட சுழற்சி வேகம் மெஷினில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பொறி பறக்கும் திசையில் வலை, தின்னர், டீசல் கேன் எதுவும் வேண்டாம். நைலான் வலையில் ஒரு பொறி விழுந்தால் பிறகு பேசிப் பயனில்லை.

1. தாடியின் உள்வளைவு வரும் இடத்தில் முதலில் 10 மி.மீ. துளை போடுங்கள். வெட்டு அங்கே வந்து முடியும். மூலை உருண்டையாகவே அமையும்.
2. எடுக்கவேண்டிய பகுதியில், கீழ்விளிம்பிலிருந்து கோடு வரை 5 மி.மீ. இடைவெளியில் சீப்புப் பல் போல வெட்டுகள் போடுங்கள். கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள்.
3. பல்லை ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டி உடையுங்கள். உடையாததை வெட்டி எடுங்கள்.
4. மிச்சத்தை 40-ஆம் நம்பர் ஃபிளாப் டிஸ்க்கால் கோடு வரை கொண்டுவாருங்கள். வளைவின் உட்பக்கத்துக்கு அரைவட்ட அரம்.

சூடு பற்றி ஒரு விதி: தலையைத் தொட்டுப் பார்க்கும் வெறுங்கை சொல்வதைக் கேளுங்கள். கை தாங்காத சூடு வந்தால் தண்ணீரில் முக்குங்கள். கழுத்தில் கொஞ்சம் சூடேறினால் பாதகமில்லை. வாய்ப்பக்கம் வந்துவிட்டால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்து முக்க வேண்டும். எஃகின் மேல் தெரியும் நிறம்தான் வெப்பமானி: வெளிர் வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி செல்சியஸ், பழுப்பு 255, நீலம் 300. நீலம் கண்டுவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. பிறகு அதைத் தேய்த்து வெள்ளையாக்கினாலும், நிறம்தான் போகும். போன கடினம் திரும்பாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் கோடாலியில், முனை இன்னும் எடுப்பாக இருக்கட்டும் என்று வாயையும் சேர்த்து வளைத்தேன். பெருமையாகக் காசிமேட்டில் ஒரு படகு ஆசாரியிடம் காட்டினேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, மீசைய வழிக்கச் சொன்னா மூக்க அறுத்துக்கினு வந்துக்கிற? முனையில நீலம் தெரியுது பாரு. டெம்பர் போச்சுப்பா.”

“இப்ப இன்னாண்ணா பண்றது?”

“உலைல போட்டுத் திரும்பத் தோய்க்கணும். அதுவும் எஃகு மிச்சம் இருந்தா.”

மிச்சம் இல்லை. அந்தக் கோடாலி இன்னும் என் பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது.

கன்னத்தை மெலிதாக்குதல்

நம்மூர் விறகுக் கோடாலி ஆப்பு மாதிரி. பிளப்பதற்காகப் பருமனாகச் செய்தது. தாடிக் கோடாலி செதுக்க வேண்டியது. ஆகவே அலகின் இரு பக்கக் கன்னத்தையும் மெலிதாக்க வேண்டும். வாயிலிருந்து 2 செ.மீ. தள்ளித் தொடங்கி, கழுத்து நோக்கி ஃபிளாப் டிஸ்க்கை நீளமாக ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு ஓட்டு, பிறகு தண்ணீர், பிறகு மறுபக்கம். இரு பக்கமும் சமமாக இளைக்கிறதா என்று வாயை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிறகு 60, 80, 120 என்று நம்பரை ஏற்றிக்கொண்டே போகலாம். இரும்பின் பழைய கறுப்பு அப்படியே இருக்கட்டும் என்றால் துளையைச் சுற்றித் தேய்க்க வேண்டாம். அந்தக் கறுப்பும் துருவுக்கு ஒரு தடுப்பு.

டெம்பர் போய்விட்டால்

எல்லாம் சரியாக நடந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை. வாய் நீலமாகிவிட்டாலோ, கொல்லர் பட்டறையில் கொடுத்துத் தாடியைக் காய்ச்சி நீட்டியிருந்தாலோ மட்டும் படியுங்கள்.

உலையில் வாய்ப்பக்கம் 4 செ.மீ. மட்டும் சீராகச் சிவக்கட்டும். நிழலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் நிறம் ஏமாற்றும். காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள்: 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலை வந்து இன்னும் ஒரு படி சிவந்ததும், இரும்பு வாளியில் உள்ள கடலை எண்ணெயில் வாயை இறக்கி அசைத்துக்கொண்டே இருங்கள். நாலைந்து லிட்டர் வேண்டும். முன்கூட்டியே 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வையுங்கள். வாளியை மூடக்கூடிய தகரம் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடுவதுதான் வழி, தண்ணீர் ஊற்றுவது அல்ல. லாரியில் வடித்த கழிவு ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதன் புகை விஷம்.

ஆறியதும் அரம் வழுக்க வேண்டும். இந்த நிலையில் வாய் கண்ணாடி போல நொறுங்கும். கீழே போட்டாலே உடையலாம். உடனே பதம் இறக்க வேண்டும். வீட்டில் கேக் சுடும் ஓவனில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். கொல்லர்கள் ஓவன் இல்லாமலே செய்வார்கள்: பின்முதுகைச் சூடாக்கி, வைக்கோல் நிறம் மெதுவாக வாயை நோக்கி ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, முனைக்கு வந்ததும் முக்கிவிடுவார்கள். எண்ணெய், பதம் இரண்டையும் கொல்லரிடமே விடுவது முதல் முறைக்கு நல்லது.

காம்பு

குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு என்று நாம் ஏசுவதுண்டு. மோசமான காம்பு கோடாலியையே கெடுக்கும். தேக்கு வேண்டாம், அடி தாங்காமல் பிளக்கும். கருவேலம், புளி, வாகை நல்லவை. அத்திப்பட்டுப் பக்கம் காடாக வளர்ந்திருக்கும் வேலிக்காத்தானும் உறுதிதான், நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். மரத்தின் நார் காம்பின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும்.

செதுக்கும் வேலைக்கு 50 செ.மீ. நீளம் போதும். தாடிக்குள் கை நுழையும் இடத்தில் காம்பை முட்டை வடிவத்துக்கு இழையுங்கள். வட்டமாக இருந்தால் கையில் உருளும். தலையில் இறுக்கி, மேலே வெட்டிய பிளவில் ஆப்பு அடித்து, அதன்பின் காம்பு முழுக்கக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடேறி, சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள்.

தெருவில் கொண்டுபோவதற்கு முன்

1959-ன் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ன் விதிகளில், வாள், ஈட்டி வரிசையில் போர்க்கோடரியும் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைச் சொல்லிவிட்டு, வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவற்றுக்கு விலக்கு தருகிறது. நம் கோடாலி தச்சுக் கருவி. அப்படியே செய்யுங்கள், அப்படியே வைத்திருங்கள். நீண்ட காம்பு, மண்டை ஓட்டு வேலைப்பாடு எதுவும் வேண்டாம். எங்காவது கொண்டுபோக வேண்டும் என்றால், வாய்க்குத் தோல் உறை போட்டு, மற்றக் கருவிகளோடு பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பைக்கின் பின்னால் செருகிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனால், நிறுத்துகிற போலீஸ்காரருக்குப் பெட்டர்சனின் வகைப்பாட்டை விளக்க நேரமிருக்காது.

முதல் ஐம்பது வெட்டு

கடைசியாகத் தீட்டுதல். இரு பக்கமும் சேர்த்து 25 முதல் 30 டிகிரிக்குள் கோணம். அரத்தில் தொடங்கி, தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில் முடியுங்கள். தெரு முனையில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், பொறி பறக்கவிடாமல் மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு காய்ந்த புளியங்கட்டையில் ஐம்பது வெட்டு போட்டுவிட்டு, வாயை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு ஒரு பக்கமாக மடிந்திருந்தால் எஃகு மென்மை. சூடு எங்கோ தப்பிவிட்டது. சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் கடினம் அதிகம். ஓவனில் இன்னும் 20 டிகிரி ஏற்றிப் பதம் இறக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒளி படாத மெல்லிய கோடாக விளிம்பு அப்படியே நின்றால், தாடிக்குள் நாலு விரலை நுழைத்துப் பிடித்து, ஒரு பலகையை மெல்லச் செதுக்கிப் பாருங்கள். சீவல் சுருண்டு விழ வேண்டும். விழுந்தால் துடைத்து எண்ணெய் தடவி மாட்டுங்கள். நம் கடல்காற்றில் ஒரு வாரம் எண்ணெய் இல்லாமல் விட்டால் காயலாங்கடையில் பார்த்த அதே நிறத்துக்குத் திரும்பிவிடும்.